வலப்பக்கச் சீட்டில இருந்தவள்

ஜின்னு, பேய் எண்டு ஆராவது கதை எடுத்தா எழும்பிப் போற ஆள் நான். உம்மா தண்ணி ஓதி வாங்கிக்கொண்டு வந்து தந்தா, தாகத்துக்குக் குடிச்சிட்டுப் போத்தலக் கழுவி வைப்பன், அவ்வளவுதான். இப்பவும் நீங்க கேட்டதால சொல்லுறன். நம்பினா நம்புங்க, நம்பாட்டி ஒரு தையல்காரி வெயில்ல நிண்டு மூளை கொதிச்சுப் போய்ப் பினாத்துறா எண்டு வச்சுக்கொள்ளுங்க.

நாங்க இருக்கிறது கண்டக்குழியில. வாப்பாவாக்கள் தொண்ணூறில புலிகள் விரட்ட மன்னாரில இருந்து உடுத்த உடுப்போட வந்த ஆக்கள், நான் இங்கதான் பிறந்தனான். என்ட மாப்பிள்ளை ரியாஸ் மீன்பிடிக்கிற பைபர் போட்டு, அதான் வள்ளம், செய்யிறவர், உடைஞ்ச போட்டும் ஒட்டுவார். வீட்டுக்குப் பின்னால கடல் பக்கமா அவர்ட கொட்டில். நான் முன்னறையில மெஷின் போட்டு வேன் சீட்டு, செட்டிக் கவர், லொட்ஜுகளுக்குக் கன்வஸ் கூரை எண்டு தைக்கிறன். கலியாணம் முடிச்சுக் கன வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை கிடைக்கேல்ல. அதுக்காக நாங்க சண்டை பிடிச்சது கிடையாது, பிடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். சோத்தப் போட்டா சாப்பிடுவார், ருசியா இருக்கா எண்டா ஓம் எண்டுவார், கை கழுவிட்டுக் கொட்டிலுக்குப் போயிடுவார்.

அப்பிடி இருக்கேக்கதான் அந்தக் கார் வந்திச்சு. மாம்புரியில தென்னந்தோட்டம் வச்சிருக்கிற ஒரு சிங்கள மாத்தயா அத லொறியில ஏத்தி அனுப்பினார். அவர்ட தாத்தே, அதான் தகப்பன், அந்தக் காலத்தில அமெரிக்காவில இருந்து கப்பல்ல இறக்கின காராம். ரெண்டே ரெண்டு பேர் இருக்கிற ஓட்டக் கார், அமெரிக்காவிலயே சில நூறுதான் செஞ்சவங்களாம், இப்ப உலகத்தில தேடிப் பிடிக்கவே ஏலாதாம். மாத்தயாட தாத்தே மௌத்தான பிறகு தோட்டத்துக் கொட்டிலுக்குள்ள தேங்காய் மட்டைக்குக் கீழ கிடந்திருக்கு. எங்களிட்ட ஏன் வந்திச்சு எண்டா, அதுட உடம்பு இரும்பில்ல, பைபர். கொழும்பில காட்டின இடமெல்லாம் கைய விரிச்சிட்டாங்க, கடைசியா ஆரோ சொல்லியிருக்கான், பைபர் எண்டா கண்டக்குழியில போட்டு செய்யிற ரியாஸிட்டக் கேளுங்க எண்டு.

கீழ இரும்புச் சேசிய உப்புக் காத்து திண்டு முடிச்சிருந்திச்சு. ஆனா உடம்பு, என்ன சொல்ல, தூசியத் துடைச்ச உடன தெரிஞ்சிட்டுது. இடுப்பு வளைஞ்ச மாதிரி வளைவு. கதவு வெளியால திறக்காது, முன்னுக்குத் தள்ளினா முன் சில்லுக்கு மேல உள்ள உடம்புக்குள்ள வழுக்கிப் போய் ஒளிஞ்சு கொள்ளும். முன்னால காத்து போற ஓட்டை இருக்கே, அது மற்றக் கார் மாதிரிப் பல்லக் காட்டேல்ல. சின்னதா, குவிச்ச வாய் மாதிரி, ஆரையோ கொஞ்சக் கேக்கிற மாதிரி. கண்ட உடனயே எனக்குப் பிடிக்கேல்ல.

நீங்க சிரிப்பீங்க, காரில போய் ஒரு பொம்பளை பொறாமைப்படுவாளா எண்டு. அவர் அதுக்கு உரசுற கடதாசி போட்டுத் தேய்க்கிறதப் பாத்திருந்தா சிரிக்க மாட்டீங்க. தேய்ப்பார், கண்ண மூடிக்கொண்டு உள்ளங்கையால தடவிப் பாப்பார், திரும்பத் தேய்ப்பார். என்ட கையத் தொட்டு எவ்வளவு காலமெண்டு நான் கதவடியில நிண்டு யோசிப்பன். புத்தளத்தில இருந்து வந்த மெக்கானிக் எஞ்சினப் பூட்டி முதல்முதலா ஸ்டார்ட் பண்ணின அண்டைக்கு, மனுசன் சின்னப்பிள்ளை மாதிரிக் கண் கலங்கினார்.

சீட்டும் கூரையும் தைக்கிற வேலை எனக்குத்தான். பழைய கவரக் கழட்டினா ஒரு புதினம். அமெரிக்கன் கார் எண்டபடியா ஓட்டுறவர் இடப்பக்கம், கூட வாறவர் வலப்பக்கம். ஓட்டுறவரிட சீட்டு ஸ்பிரிங் நல்லா இருக்கு, வலப்பக்கம்தான் அப்பிடியே பள்ளமாப் போயிருந்திச்சு, ஆரோ வருஷக் கணக்கா எழும்பாம இருந்த மாதிரி. சரி, மாத்தயாட அம்மா இருந்திருப்பா எண்டு நினைச்சுக்கொண்டு புது ஸ்பிரிங் வச்சு, பஞ்சடைச்சு, சிவப்பு ரெக்சின் போட்டுத் தைச்சன். கறுப்புக் கன்வஸில கூரை, பின்னுக்குப் பாக்க ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. ஏசி ஏசித் தைச்சாலும் என்ட தையல் கோணாது.

சீட்டப் பூட்டின பிறகுதான் கொட்டிலுக்குள்ள கதைச் சத்தம் கேக்கத் தொடங்கினது. முதல்ல போன் எண்டு நினைச்சன், ஆனா போன் சாப்பாட்டு மேசையில கிடக்கும். அவர்ட சத்தம் மட்டும்தான் கேக்கும். கொஞ்சம் கதை, பிறகு பேசாம இருப்பார், பிறகு சிரிப்பு. என்னோட இருக்கேக்க வராத சிரிப்பு.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, நல்ல வெளிச்சம், லொட்ஜ் ஒண்டுக்குத் திரைச்சீலை குடுத்திட்டுக் கடற்கரையால வாறன். அந்த வழியால வந்தா கொட்டில்ட பின்பக்கம், கார்ட முதுகு கடலப் பாத்தபடி நிக்கும். வெயில் நேரா நான் தைச்ச பிளாஸ்டிக் கண்ணாடியில விழுந்து உள்ளுக்குள்ள எல்லாம் துலக்கமாத் தெரியுது. இடப்பக்கம் இவர்ட தலை. வலப்பக்கம் இன்னொரு தலை. வல்லாஹி, பச்சை முக்காடு போட்ட ஒரு பொம்பளைட தலை, அவர்ட தோள் பக்கம் சரிஞ்சு கிடக்குது. அவர் என்னவோ சொல்லுறார், அந்தத் தலை மெதுவா ஆடுது.

ஜின்னெண்டா நினைச்சன்? எவளோ ஒருத்தி எண்டுதான் நினைச்சன். கூந்தலப் பிடிச்சு இழுக்கிற வேகத்தோட இடப்பக்கத்தால முன்னுக்கு ஓடினன். வலப்பக்கத்தால ஒருத்தி இறங்கி ஓடேலாது, அந்தக் கதவு அப்பவும் வழுக்காம இறுகிக் கிடந்திச்சு, பக்கத்திலயே ஒட்டினாப்போல ஒரு போட்டு அச்சு சாத்தியிருந்திச்சு. இறங்கிறதெண்டா இவரத் தாண்டி என்ட கண்ணுக்கு முன்னால இறங்கோணும்.

நான் போய் நிக்க, இவர் கதவத் தள்ளிட்டு இறங்கிறார். தனிய.

"எங்க அவள்?" எண்டன்.

"எவள்?"

"இப்ப ஆரோட கதைச்சிட்டு இருந்தீங்க?"

மனுசன் என்ன ஒரு மாதிரிப் பாத்தார். பிறகு சிரிச்சார். "என்ன பகிடியா? உன்னோடதான். தேத்தண்ணி போடப் போறன் எண்டு இப்பதானே எழும்பிப் போனாய், அதுக்குள்ள முக்காட்டையும் மாத்திட்டியா?"

நான் போட்டிருந்தது கறுப்பு. பச்சையில எனக்கு முக்காடே இல்ல.

குனிஞ்சு உள்ளுக்குப் பாத்தன். சிவப்பு ரெக்சின்ல ஒரு பள்ளம், நான் பாத்துக்கொண்டு நிக்கவே மெது மெதுவா மேல வருது. கைய வச்சன், சூடு. வெயில் சூடு எண்டுவீங்க, வெயில் பட்டது சாயிற முதுகுப் பக்கத்தில, இருக்கிற இடம் நிழல். ஆள் இருந்திட்டு எழும்பின சூடு எனக்குத் தெரியாதா?

அந்த இடத்தில நீங்களெண்டா கத்தியிருப்பீங்க. நானும் வாயத் திறந்தன். ஆனா அவர்ட முகத்தப் பாத்தன். கலியாணம் முடிச்ச புதுசில இருந்த முகம். அது எனக்கில்ல, வேற எவளோ வந்திருந்து ஆக்கின முகம். அவள்தான் அத உண்டாக்கினவள் எண்டு தெரிஞ்சா அவர் அவளத்தான் தேடுவார் எண்டு எனக்குப் பட்டுது, என்னயில்ல. என்ட வாயால வந்தது இதுதான்: "ஓம், நான்தான். பகிடிக்குக் கேட்டன்."

போய்த் தேத்தண்ணி போட்டன். அவர் வந்து குசினித் திண்ணையில இருந்தார். "நீ இப்பிடி மனசு விட்டுக் கதைச்சு எவ்வளவு காலம்" எண்டார். என்ன கதைச்சன் எண்டு கேக்க ஏலுமா? தலைய மட்டும் ஆட்டினன். அண்டைக்குப் பிறகு எங்கட வீடு மாறிப் போச்சு. சாப்பிட்டா எழும்பாம இருந்து கதைப்பார், மெஷினடிக்கு வந்து கதிரையப் போட்டு இருப்பார். சந்தோஷம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஒவ்வொரு சிரிப்பையும் பாக்கேக்க, இது அவள் வச்சிட்டுப் போன சிரிப்பு எண்டுதான் நெஞ்சு சொல்லும்.

கார் முடிஞ்சு மாத்தயா எடுக்க வந்த அண்டைக்கு, சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன், உங்கட அம்மா இந்தக் காரில கன தூரம் போயிருப்பாவே எண்டு. அவர் கைய விரிச்சார். "அம்மாவா? அவவத் தாத்தே ஒரு நாளும் ஏத்தேல்ல. ஆரையும் ஏத்தேல்ல. தலவில சேர்ச் பெருநாளுக்கும் தனியத்தான் போவார், வலப்பக்கத்தில ஒருத்தரும் இருக்கப்படாது எண்டு சொல்லுவார்." மாத்தயா ஓட்டிக்கொண்டு போனார், ரியாஸ் சந்தி மட்டும் பின்னால நடந்து போய்ப் பாத்திட்டு வந்தார். நான் பாக்கேல்ல.

பிறகு, அல்லாஹ்ட காவல், எனக்குப் புள்ளை தங்கிச்சு. பொம்பளப்புள்ளை. ஆஸ்பத்திரியில உம்மா மடியில வச்சுக்கொண்டு என்ன பேர் வைக்கப் போறீங்க எண்டு கேக்க, நான் வாயத் திறக்க முந்தி இவர் சொன்னார், மர்ஜானா எண்டு. எங்கட குடும்பத்திலயோ அவர்ட குடும்பத்திலயோ அந்தப் பேர் ஒருத்தருக்கும் இல்ல.

"ஆர் சொன்ன பேர் இது?" எண்டன்.

"நீதானே," எண்டார். "காருக்குள்ள இருந்து சொன்னாய். பொம்பளப்புள்ளையெண்டா மர்ஜானா, வேற பேர் வச்சா நான் பொல்லாத கோவக்காரி எண்டு சொன்னாய். மறந்திட்டியா?"

உம்மா என்னப் பாக்கிறா. நான் "மறக்கேல்ல" எண்டன். வேற என்ன சொல்ல? அந்தப் பேரையே வச்சம்.

இப்ப அவள் ஓடித் திரியிற வயசு. பின்னேரம் கடற்கரையில விளையாடுவாள், மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்ல முந்தி வாசல்ல நிண்டு கூப்பிடுவன், மர்ஜானா எண்டு ஒரு தரம். அநேகமா ஒரு தரம்தான் பதில் வரும். சில நாள் மட்டும், நான் ஒரு தரம் கூப்பிட, அவள் ரெண்டு தரம் "வாறன் உம்மா" எண்டு சொல்லுறாள். எனக்குச் சொல்லுறது சும்மா சொல்லுறதுதான். ரெண்டாவதத்தான் ஆசையாச் சொல்லுறாள்.