மடவை கேட்ட குழாய்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் புதிதாக இரண்டு ஸ்பீக்கர்கள். சாதாரணப் பெட்டிகள் அல்ல. ஊமத்தம்பூ விரிந்த மாதிரி, தேக்கில் கடைந்த பெரிய புனல்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "தலைய ஆட்டாத, அரை அடி நகந்தா போச்சு" என்றார். நாகஸ்வரம் எழுந்தது. ஊதுகிறவரின் மூச்சுக்கூடக் கேட்டது. சமையலறையிலிருந்து அவர் மனைவி, "இதுங்களுக்கு எடம் வேணும்னு பிரிட்ஜ பால்கனிக்குத் தள்ளிட்டாருண்ணே" என்றார்.

இந்த நோய் எனக்குப் புதிதல்ல. இருபத்துமூன்று வயதில், பழவேற்காட்டில் எனக்கும் வந்தது.

அப்போது அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை. மணிக்கொரு தரம் தொட்டியின் குளிரை அளந்து நோட்டில் எழுத வேண்டும். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. காற்றின் திசை, அன்றைய குழம்பு, எல்லாம் நேரத்தோடு நாட்குறிப்பில் ஏறும். ஏரிக்கரையில் செல்வி அக்கா வீட்டில் ஓர் எட்டடி அறையில் குடியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5.10க்கு, சவுண்டு சர்வீஸ் யூசுப் பாயிடம் என் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பந்தலில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தேன்.

"சின்ன பாட்டரி போதும் தம்பி, ஊரே கேக்கும்" என்றார் பாய். பொய்யில்லை. கொசு முனகலைக் கொடுத்தால் யானைப் பிளிறலாகத் திருப்பித் தரும். மனிதக் குரலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. பாய் சொல்லாமல் விட்டவையும் உண்டு. மிருதங்கம் கொட்டாங்கச்சியாகிவிடும். வாய்க்கு நேரே இருந்தால்தான் பாட்டு. பக்கவாட்டில் நின்றால் அடுத்த வீட்டுப் பாட்டு. எட்டடி அறையில் நேரே உட்கார்ந்தாலோ காது மிஞ்சாது.

ஆகவே குழாயை என் ரேடியோவோடு இணைத்து, ஜன்னலில் வெளிப்பக்கமாக வைத்தேன். முதலில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து. புகார் சொல்ல ஆளில்லை என்ற கணிப்பு. "அங்க கீறவங்களாவது தூங்கட்டும் தம்பி" என்றார் செல்வி அக்கா. பிறகு அடுத்த ஜன்னலுக்கு மாற்றி, ஏரியைப் பார்த்து வைத்தேன். என் வீட்டுப் பாட்டைக் கேட்க நான் வீட்டைவிட்டு வெளியேறி, முப்பதடி தள்ளிக் கவிழ்த்திருந்த படகின் மேல் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் பாடுகிறவர் ஜன்னலுக்கே வந்து நின்றது போலக் கேட்டது. நாகஸ்வரம் உச்சிக்குப் போகும்போது எனக்குப் பின்னால் தண்ணீரில் மடவை மீன்கள் துள்ளும். நானும் அதை ரசனை என்றே குறித்துவைத்தேன்.

வினை அந்தத் துள்ளலில்தான் வந்தது. எங்கள் கரையோரத்தில் வலை போட மூன்று கூட்டத்தாருக்கு நாள் முறை உண்டு, பாடு என்பார்கள். அதில் ஒரு கூட்டத்துக்காரரான ஏகாம்பரம் அண்ணனின் முறையில் மட்டும் வலை தொடர்ந்து வெறுமையாக வந்தது. ஒரு நாள் வாசலில் நின்றார்.

"இன்னா நைனா, உன் கொழா போடுற கூச்சல்ல மடவையெல்லாம் மெரண்டு ஓடுது. அத ஏரில தூக்கிப் போடாம வுடமாட்டேன்."

வலைக் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. சைக்கிளும் போய்க் குழாயும் போகும் நிலை. நாட்குறிப்போடு போனேன். நாள், நேரம், நிகழ்ச்சி, குழாயின் திசை என்று வாசிக்க வாசிக்க, எனக்கே தெரியாத ஒன்று வெளிப்பட்டது. பாட்டரி மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றப் பொன்னேரிக்கு பஸ் ஏறும். ஏகாம்பரம் அண்ணனின் முறையும் மூன்று நாளுக்கு ஒருமுறை. அவர் வலை போட்ட நாளிலெல்லாம் என் குழாய் ஊமை.

ஜெயித்துவிட்டேன் என்று நோட்டை மூடினேன். ஏகாம்பரம் அண்ணன் மெதுவாக எழுந்தார்.

"அப்ப, பாட்டு போட்ட அன்னிக்கெல்லாம் அவுங்களுக்கு மீனு. போடாத அன்னிக்கு எனக்குத் தண்ணி. இது இன்னா நாயம்? என் மொறைக்கும் கொழா வேணும்!"

மற்ற இரு கூட்டத்தாரும் எங்கள் முறையில் விட்டுத்தர மாட்டோம் என்று குதித்தார்கள். ஊர்த் தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குழாயையும் வலைபோலவே முறை வைத்துவிட்டார். பாட்டரி பஸ் ஏறும் நாளும் இனி மூன்று கூட்டத்துக்கும் மாறி மாறி வரும்.

"அப்ப எனக்கு?" என்றேன்.

"நீ வல போடுறவனா? கரைல குந்திக்கினு கேளு. எப்டியும் வெளியதான கேக்குற?" என்றார் தலைவர்.

அன்று முதல் என் ஸ்பீக்கரில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதை வலை போடுகிறவர்கள் முடிவு செய்தார்கள். ஏகாம்பரம் அண்ணனுக்கு ரேடியோவின் விவசாய நிகழ்ச்சியில்தான் நம்பிக்கை. நாற்றங்காலுக்கு உரமிடும் முறையைப் பழவேற்காட்டு மடவைகள் முழுமையாக அறிந்திருந்தன. நானும் படகின் மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

ஒன்றை இப்போது சொல்லலாம். அதன் பிறகு மூன்று மாதம் நுணுக்கமாகக் குறித்துப் பார்த்ததில், குழாய் ஒலித்த நாளுக்கும் ஒலிக்காத நாளுக்கும் மீனில் எந்த வித்தியாசமும் இல்லை. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் குழாய் ஏரிக்குள் போயிருக்கும். பாட்டில் நாட்டமே இல்லாத முறைக்காரர்கூட அதை ஈரத்துணியால் துடைத்து வைத்தார் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

உப்புக்காற்று குழாயை விளிம்பிலிருந்து தின்று தீர்த்தது. யூசுப் பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஏகாம்பரம் அண்ணனின் மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறான். அங்கே ஷிப்டு முறை. முகத்துவாரத்தில் மணல் மூடி, அந்தக் கரையோரம் முழங்கால் ஆழம்கூட இல்லை.

மீஞ்சூர்க் கூடத்தில் நாகஸ்வரம் மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறியது. பழக்கதோஷம், அரை அடி நகரக்கூடாது என்பதை மறந்து பின்னால் திரும்பிப் பார்த்தேன். டைல்ஸ் தரை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. எதுவும் துள்ளவில்லை.