மயில்சாமி ஓடவிடாத கார்

2023 ஜனவரி 21, சனிக்கிழமை, காலை எட்டேகால் மணி. டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் ஒரு தொடக்கப்பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் ப்ரியம்வதா விக்கித்து நின்றாள். முன்பின் தெரியாத ஒருவர், அவளுடைய ஏழு வயது மகள் அதிதியின் மரப் பொம்மைக் காரை மேசையிலிருந்து எடுத்துக் கவிழ்த்துப் பிடித்து, சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டு, காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்களை வேறு மூடிக்கொண்டிருந்தார். நான்கு சக்கரங்களையும் அவ்வாறே கேட்டு முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"தமிழுங்களா?" என்றார்.

"ஆமாம். அது என் பொண்ணோட கார்."

"இது ஓடாதுங்க அம்மணி. பாதியில நின்னுக்கும்."

வாழ்த்தும் வணக்கமும் சொல்லிக்கொள்ளாத அறிமுகத்தில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்க ப்ரியம்வதா பழகியிருக்கவில்லை. ஊதா வண்ணம் பூசி, மினுமினுப்புத் தூவி, தாயும் மகளுமாக இரண்டு வாரம் செய்த கார் அது. காரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, எடைபோடும் மேசைக்கு நகர்ந்தாள்.

அமெரிக்காவில் கப் ஸ்கவுட் என்னும் சிறார் சாரணர் இயக்கத்துக் குழந்தைகள் ஆண்டுதோறும் நடத்தும் பைன்வுட் டெர்பி பார்ப்பதற்கு எளிய விளையாட்டு. ஒரு பைன் மரத்துண்டு, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சுகளாக நான்கு ஆணிகள் ஆகியவை ஒரு பெட்டியில் கிடைக்கும். அதில் கார் செய்து, சரிவான தடத்தின் உச்சியில் நிறுத்தி விட்டுவிட வேண்டும். மோட்டார் கிடையாது. உருண்டு இறங்கிச் சமதளத்தைக் கடந்து எது முதலில் கோட்டைத் தொடுகிறதோ அது வெற்றி பெறும். அதிதியின் கார் சரிவில் ஒழுங்காகத்தான் இறங்கியது. சமதளத்தில் தடத்தின் விளிம்பை உரசி உரசி வேகமிழந்து, கோட்டை எட்டாமல் நின்றுவிட்டது. யாரோ ஒரு தந்தை துடைப்பக் கட்டையால் அதைத் தள்ளிவிட, கூட்டம் அன்போடு கைதட்டியது. அந்தக் கைதட்டலைத்தான் அதிதியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"இட் ஸ்டாப்ஸ் ஒன் மோர் டைம், ஐ க்விட். ஸ்கவுட்ஸே வேண்டாம்," என்றாள், வீட்டுக்குத் திரும்பும்போது.

புறப்படும்முன் ப்ரியம்வதா அந்த மனிதரிடம் மரியாதைக்காகக் கேட்டிருந்தாள்: "உங்க குழந்தை எந்த கிரேடு?"

"பையன் டல்லாஸ்ல காலேஜுங்க."

"அப்போ இங்க?"

"கடைசியா பெரியவங்களுக்குன்னு ஒரு ரேஸ் விடுவாங்க. அதுக்கு வந்தேன்."

குழந்தையில்லாமல் குழந்தைகள் விழாவுக்கு ஆண்டு தவறாமல் வரும் நாற்பத்தெட்டு வயது ஆணை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

அவர் பெயர் மயில்சாமி. உடுமலைப்பேட்டைக்காரர். கோவையில் இயந்திரவியல் படித்து, பம்பு செய்யும் நிறுவனம் ஒன்றில் சில காலம் இருந்து, டெக்சாஸுக்கு வந்தவர். சிப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வெற்றிடப் பம்புகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை. மனைவி யாமினி மருந்தாளுநர். மகன் சபரி கப் ஸ்கவுட்டில் இருந்த காலத்தில் டெர்பிக்கு வரத் தொடங்கினார். சபரி வளர்ந்து கிட்டாருக்கும் பிறகு கல்லூரிக்கும் போனான், இவர் டெர்பியிலேயே தங்கிவிட்டார். சுழலும் எதையும் சும்மா விட அவரால் முடியாது. இந்தியன் ஸ்டோர் வாசலில் தள்ளுவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தில் சுற்றிய தலைமுடியைப் பேனாக்கத்தியால் அறுத்தெடுப்பார். யாமினி பத்தடி தள்ளி நின்று வேறு யாருடனோ வந்தவள்போல் தொலைபேசியைப் பார்ப்பாள். ஒரு கிரகப்பிரவேசத்தில், பூஜை அறையைக்கூடப் பார்க்காமல், கராஜ் கதவின் உருளை முனகுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னவர். அந்தக் குடும்பம் அதன்பின் அவரை எதற்கும் அழைக்கவில்லை. உருளையை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

பெரியவர்கள் ஓட்டத்தில் அவருக்கு ஒரே ஓர் எதிரி உண்டு. வேட் என்ற டெக்சாஸ்காரர், மின்தூக்கி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் வேட் முதலில் வருவார், மயில்சாமி இரண்டாவதாக வருவார். இடையிலுள்ள தூரம் கண்ணுக்குத் தெரியாது. கோட்டில் இருக்கும் மின்கருவிக்குத்தான் தெரியும். "நெக்ஸ்ட் இயர், சாமி," என்பார் வேட், முதுகில் தட்டி. அந்தத் தட்டலை ஆண்டு முழுவதும் சுமந்துகொண்டு திரிவார் இவர்.

இதையெல்லாம் ப்ரியம்வதா அந்த ஆண்டு டிசம்பரில்தான் அறிந்தாள். தன்மானத்தை விழுங்கிக்கொண்டு, புதிய மரத்துண்டில் செய்த இன்னோர் ஊதாக் காரோடு மகளை அழைத்துக்கொண்டு, அவர் கராஜுக்குப் போனாள். அங்கே முதலில் அவள் கண்டது ஓர் ஆணியின் படம். பெரிதாக்கி அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்.

"இது கரடுமுரடா மலை மாதிரி இருக்கே!" என்றாள்.

"இது டப்பாவுல வர்ற புது ஆணிங்க. இந்த மலை மேலதான் உங்க சக்கரம் போன ரேஸ்ல சுத்துச்சு. பாவம், என்ன பண்ணும்?"

ஆணியை டிரில் மெஷினில் பொருத்திச் சுழலவிட்டு, தலைக்கு அடியிலிருந்த பிசிரை நுண்ணிய அரத்தால் எடுக்கச் சொன்னார். பிறகு நனைத்த உப்புத்தாளால், சொரசொரப்பானதில் தொடங்கி வழவழப்பானதுவரை ஒவ்வொன்றாகத் தேய்க்கச் சொன்னார். அனைத்தையும் அதிதியே செய்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆணி கண்ணாடிபோல் ஆனது. அதன்பின் அவர் செய்த காரியம் ப்ரியம்வதாவைப் பதறவைத்தது. இடப்பக்க முன்னாணியைக் குறடால் பிடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டி வளைத்துவிட்டார்.

"சார்! இவ்ளோ நேரம் பாலிஷ் பண்ணிட்டு இப்போ வளைக்கறீங்களே!"

"நேரா விட்டா கார் ரெண்டு பக்கமும் முட்டி முட்டிப் போகுமுங்க. இப்படி இம்மியளவு வளைச்சுத் திருப்பி வச்சா, ஒரே விளிம்ப ஒட்டிக்கிட்டு ஒழுங்காப் போயிரும். திருப்பற கோணம்தானுங்க சூட்சுமம். அது மாறுச்சுன்னா பழைய கதைதான்."

ஆணி நுழையும் சக்கரக் குடத்தில், எண்ணெய்க்குப் பதிலாகக் கிராஃபைட் பொடி இட்டுச் சுண்டிவிட்டார். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதிதி வாயைப் பிளந்து பார்த்தாள். எடை, போட்டி விதித்த வரம்புக்கு ஒரு மயிரிழை உள்ளே நின்றது. இனி யாரும் தொடக்கூடாது என்று சொல்லிக் காரை ஒரு ஷூ பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, ப்ரியம்வதா அலுவலகத்திலிருந்து வந்து மகளோடும் ஷூ பெட்டியோடும் கோவிலுக்குப் போனாள். அவள் வளர்ந்த சென்னை வீட்டில் சைக்கிள்கூடப் பூஜை போடாமல் தெருவில் இறங்கியதில்லை. புதிய வண்டி, நாளைக்கு முதல் ஓட்டம். வாகன பூஜை செய்யாமல் எப்படி அனுப்புவது? குருக்கள் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் ஒரு மந்திரத்தையும் குறைக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம், மேலே தாராளமாகத் தீர்த்தம். சிறிய எலுமிச்சம்பழங்களாகத் தேடியெடுத்துச் சக்கரத்தடியில் வைத்து, கார் கனமில்லாததால் கட்டைவிரலால் அழுத்தி ஏற்றி இறக்கினார். அதிதி குதூகலித்தாள். ப்ரியம்வதாவுக்கு மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில், நெற்றியில் குங்குமத்தோடு நின்ற காரை மயில்சாமியிடம் பெருமையோடு நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி... தண்ணி தெளிச்சீங்களா?"

"தீர்த்தம். குருக்கள் தெளிச்சார்."

"எலுமிச்சம்பழம்?"

"நாலு வீலுக்கும் வச்சோம்."

"நசுங்குச்சுங்களா?"

"நன்னா நசுங்கித்து. ஏன் சார்?"

அவர் சக்கரத்தைச் சுண்டினார். அது அரைச்சுற்றுச் சுற்றி, கறுஞ்சிவப்புச் சேற்றை ஒரு துளி உமிழ்ந்து நின்றது. கிராஃபைட்டும் குங்குமமும் தீர்த்தமும் குடத்துக்குள் குழம்பாகிக் கிடந்தன. வளைத்துத் திருப்பி வைத்த ஆணி, குருக்களின் கட்டைவிரல் வலிமையில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. சந்தனம் ஏறியதில் எடையும் வரம்பைத் தாண்டியிருந்தது. தான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்த அந்தக் கணத்தில், மகள் அருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இட்ஸ் கோயிங் டு ஸ்டாப், இல்ல?" என்றாள் அதிதி. குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. அதுதான் தாயை இன்னும் கலக்கியது.

"சாமியவும் குத்தஞ்சொல்ல முடியாது, குருக்களையும் சொல்ல முடியாது," என்றார் மயில்சாமி. "நானும் என் பிக்கப் வண்டிக்குப் பூஜை போட்டவன்தானுங்க. ஆனா அதுக்கு நான் கிராஃபைட் வைக்கல."

அவர் தம் கருவிப் பெட்டியைத் திறந்து, காலுறையில் சுற்றியிருந்த தமது காரை எடுத்து, அதன் ஆணிகளைக் குறடால் பிடித்தார். "இதே டப்பா ஆணிதானுங்க, ரூல்ஸ்ல ஒண்ணும் இடிக்காது. மாத்திரலாம்."

"நோ," என்றாள் அதிதி. "அது அங்கிளோடது. நான் சேன்ட் பண்ணது இல்ல. தட்ஸ் சீட்டிங்."

"அதிதி! டைமே இல்லடி. ஒன்பது மணிக்கு செக்-இன் க்ளோஸ் பண்ணிடுவா!"

"ஐ டோன்ட் கேர். என்னோடதுதான் வேணும்."

எட்டு வயதுப் பெண் இப்படி நிற்பாள் என்று இரண்டு பெரியவர்களும் எதிர்பார்க்கவில்லை. மயில்சாமி குறடைக் கீழே வைத்தார்.

"பாப்பா சொல்றது நாயம்," என்று தம் காரைக் காலுறைக்குள் திரும்ப வைத்தார். "வா கண்ணு. கழட்டலாம்."

பிக்கப்பிலிருந்து பேட்டரி டிரில் வந்தது. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஆணிகள் கழன்றன. குடத்துக்குள் இருந்த சேற்றைத் துணித்திரியால் ப்ரியம்வதா எடுத்தாள். அதிதி உப்புத்தாளை நனைத்துச் சுழலும் ஆணியில் வைத்தாள். மயில்சாமி சந்தனத்தைச் சுரண்டினார், வளைந்த ஆணியை மீண்டும் வளைத்தார், வழவழப்பான ஒரு பலகையில் காரை உருட்டிவிட்டுத் திருப்பினார், மறுபடி உருட்டினார், மறுபடி திருப்பினார். பெரியவர்கள் வரிசையிலிருந்து வேட் உரக்க அழைத்தார்: "சாமி! யூ கமிங் ஆர் நாட்?" இவர் நிமிராமலே கையை மட்டும் ஆட்டினார். வருகிறேன் என்று சொல்வதாகத்தான் ப்ரியம்வதா நினைத்தாள். சற்று நேரத்தில் வேட் மறுபடி அழைத்தார். இந்த முறை கைகூட அசையவில்லை.

அதிதி காரைத் தூக்கிக்கொண்டு ஓடி மேசையில் வைத்தபோது, எடைபோடுபவர் தராசை மூடும் தறுவாயில் இருந்தார். அவளுடையதே கடைசிக் கார்.

தடத்தில் நான்கு கார்கள் இறங்கின. சமதளம் வந்தது. ஊதாக் கார் இடப்பக்க விளிம்பை ஒட்டிக்கொண்டு, முட்டாமல், ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது, சென்ற ஆண்டு நின்ற இடத்தைக் கடந்தது, கோட்டையும் கடந்தது. மூன்றாம் இடம். யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை. அதிதி குதிக்கவில்லை, தடத்தின் முடிவிலிருந்து காரை எடுத்துக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுண்டி, காதில் வைத்துக் கேட்டாள்.

பெரியவர்கள் ஓட்டம் தொடங்கியபோது ப்ரியம்வதா மயில்சாமியின் காரைத் தேடினாள். தடத்தில் இல்லை. திரையில் பெயரும் இல்லை. வேட் வென்றார்; வென்ற காரைக் கையில் வைத்துக்கொண்டு நேரே இவர்களிடம் வந்து, "ஐ டிடின்ட் பீட் எனிபடி டுடே. நெக்ஸ்ட் இயர், சாமி," என்று கடுகடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பெரியவர்கள் கார்களுக்கும் அதே ஒன்பது மணிதான் கெடு. தலையில் ஒன்று போட்டாற்போல் இருந்தது.

"சார், உங்க கார்?"

"பெட்டியிலதானுங்க இருக்குது."

"ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல? ஒரு நிமிஷம் போய் வச்சுட்டு வந்திருக்கலாமே!"

"எடை போட்டு, தூக்கிப் பாத்து, ரூல்ஸ் பேசி... ஒரு நிமிசத்துல ஆகறதுங்களா? பாப்பா ஆணிய டிரில்லுல வச்சுக்கிட்டு நிக்குது."

ப்ரியம்வதாவுக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது. "அடுத்த வருஷம் உங்க கார நான் வாங்கிண்டு போய் முதல் ஆளா லைன்ல நிப்பேன். உங்களுக்கு ஒரு ரேஸ் கடன்பட்டிருக்கேன். நீங்க கேட்டாலும் கேக்காட்டாலும்."

"கடனாவே இருக்கட்டுங்க. வேணுங்கறப்பக் கேட்டுக்கறேன்," என்று சிரித்தார். "பூஜை மட்டும் போட்டுறாதீங்க."

அந்த ஆகஸ்டில் வேட் இறந்துபோனார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் குழாயைப் பிடித்தபடியே சரிந்தாராம். ப்ரியம்வதா அதை ஐந்து மாதம் கழித்து, 2025 போட்டியன்று, செக்-இன் மேசையருகே மயில்சாமியின் வாயால் கேட்டாள்.

"நல்லா இருந்த மனுசனுங்க," என்றார் அவர். வேட் போய் இத்தனை மாதமாகியும் தம்மாலேயே நம்ப முடியாததுபோல் தலையை அசைத்தார். "அடுத்த வருசம்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"சார், கார் கொண்டு வந்திருக்கீங்களா? நான் போய் லைன்ல நிக்கறேன்."

"இருக்கட்டுங்க. அந்தச் சின்னப் பையன் சக்கரம் என்னமோ கத்துது, பாத்துட்டு வந்தர்றேன்."

அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவர் வந்தார். குழந்தைகளின் கார்களைக் காதில் வைத்துக் கேட்டார், ஓடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார், பெற்றோர்களைத் திடுக்கிட வைத்தார். பெரியவர்கள் வரிசை திறக்கும்போதெல்லாம் ப்ரியம்வதா அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அவர் வேறு யாருடைய ஆணியையோ பார்த்துக்கொண்டிருப்பார். வேட் இல்லாத தடத்தில், அவள் கடன்பட்ட அந்த ஓட்டத்தைக் கடைசிவரை அவர் கேட்கவேயில்லை.