நூல் ஒட்டிய ஏழு அட்டைகள்

சாயத் தொட்டியிலிருந்து அப்போதுதான் தூக்கிய நூற்கழி ஒன்று மூங்கிலில் தொங்கி, மணலில் பச்சையாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளிக் குந்தியிருந்து என் மச்சான் அதையே பார்க்கிறார். சொட்டுவது நின்று, வெயில் பட்டு, நிறம் மெல்ல வெளுத்துத் தன் நிலைக்கு வரும்வரை அவர் எழும்பமாட்டார். காத்தான்குடியில், எல்லோரும் நெசவு நானா என்று கூப்பிடும் முஸ்லிம் நெசவாளியின் வளவில் நான் பலமுறை கண்ட காட்சி இது. நானா தறிக்கும் தொட்டிக்கும் இடையில் நடந்தபடியே, "என்ன மாஸ்டர், இண்டைக்கும் நூல் வாங்கல்ல. சும்மா பார்த்தே என்ட நிறத்தையெல்லாம் உறிஞ்சிட்டுப் போறீங்க" என்பார். மச்சான் திரும்பாமலே, "வித்த பிறகு அது நிறமில்ல நானா, இடுப்பில உடுக்கிற சாரம்" என்று பதில் சொல்வார்.

மச்சான் என் மனைவியின் தமையன். கலியாணம் செய்யவில்லை, கல்லடியில் எங்கள் வளவிலேயே கொட்டில் போட்டு வேலை செய்தார். நாடகத் திரை வரைவது தொழில். அரண்மனை, காடு, தெரு என்று வெள்ளைத் துணியை மூட்டி நிலத்தில் விரித்து, அதன் மேலேயே நடந்து நடந்து வரைவார். மண்டூர், வெல்லாவெளிப் பக்கமிருந்து திருவிழா நாடகக்காரர்கள் தோணியில் வந்து எடுத்துப் போவார்கள். யுத்தத்தில் திருவிழாக்கள் சுருங்கின. ஆனால் பள்ளிக்கூடங்கள் நாடகம் போடுவதை விடவில்லை. அவர் பிழைப்பும் நடந்தது. அவருக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. விடிந்ததும் வாவிக் கரையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்து, முதல் ஒரு மணித்தியாலம் வானம் மட்டும்தான் தீட்டுவார். அந்த நேரத்தில் வீட்டில் வானொலி கூடாது. "கையில பிரஷ் இருக்கக்குள்ள ஆர் செத்தாலும் சொல்லாதீங்க மச்சான், மறுகா வானம் கறுத்திரும்" என்பார். பின்னேரம் தூரிகைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வாங்கில் வந்து உட்கார்ந்து, "இனிச் சொல்லுங்க" என்பார். அன்றைய செய்தியை முழுவதும் ஒரே மூச்சில் கேட்டுக்கொள்வார். வியாழக்கிழமைகளில் மட்டும் வேலை இல்லை. "கண்ணைக் கழுவிட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு நானாவின் வளவுக்குப் போய்விடுவார்.

நான் நகரத்தில் ஓர் அரச கந்தோரில் எழுதுவினைஞன். எனக்கு இருந்தது ஒரேயொரு வழக்கம். நடந்தது எதுவானாலும் திகதி போட்டு எழுதி வைப்பது. முதல் மழை விழுந்த நாள், பாலம் மூடிய நாள், மண்ணெண்ணெய் வந்த நாள், மச்சான் எந்தத் திரையை எப்போது தொடங்கி எப்போது முடித்தார் என்பது வரைக்கும் கொப்பியில் இருக்கும். என் மனைவி, "நான் சிரிச்ச திகதியும் போட்டு வெச்சிருக்கிறார் போல" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வாள்.

பிறகு அந்த வருஷம் வந்தது. தமிழர்களின் எங்கள் ஊருக்கும் முஸ்லிம்களின் காத்தான்குடிக்கும் இடையில் நடந்தவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் பிணங்களை அடக்கம் செய்தார்கள். அதன் பின் மூன்று நான்கு மைல் தெரு, இருந்த இடத்திலேயே கிடந்தும் யாரும் போகாத தெருவாயிற்று. மச்சான் வியாழக்கிழமைகளில் கொட்டிலுக்குள்ளேயே இருந்தார். ஆனால் அரச கந்தோர் இரண்டு பக்கத்து மக்களுக்கும் பொது. ஒருநாள் நானா இராணுவக் காவலோடு வரும் லொறியில் ஏறி, ஏதோ அனுமதிக் கடிதத்துக்காக என் கவுண்டருக்கு வந்தார். போகும்போது ஒரு கடதாசி மடிப்பை உள்ளே தள்ளினார். பிரித்தால், விரல் நீளத்தில் வெட்டிய சாய நூல்கள், ஒன்பதோ பத்தோ. "மாஸ்டருக்குக் குடுங்க. இந்தக் கிழமை போட்ட நிறம்."

அன்று பின்னேரம் மச்சான் அந்த நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு செய்தி கேட்கவும் மறந்துபோனார். அதன் பின் இரண்டு கிழமைக்கொரு தடவை நானா வந்தார், நூலும் வந்தது. தவறு நான் செய்ததுதான். நூல்கள் கலந்துவிடுகின்றன என்று மச்சான் ஒருமுறை சொன்னதற்காக, ஒவ்வொரு தடவை வந்ததையும் தனித்தனி அட்டையில் வரிசையாக ஒட்டினேன். மேலே திகதியும் தொடர் இலக்கமும், ஒவ்வொரு நூலின் கீழும் நிறத்தின் முதலெழுத்தும் எண்ணும் எழுதினேன். ப 3, நீ 2, ம 1. அழகாக இருந்தது. ஏழு அட்டைகள் சேர்ந்தன. மச்சான் அவற்றைத் தன் துணிப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஒரு காலையில் வர்ணம் வாங்க நகரத்துக்கு வந்தவரைப் பாலத்து இராணுவச் சென்றியில் மறித்துப் பையைக் கொட்டினார்கள். நூல், திகதி, எழுத்து, எண். பார்ப்பவனுக்கு அது இரகசியக் குறியீடாகத்தானே தெரியும்? மூன்றாவது அட்டையின் திகதியில் அந்தத் தெருவில் கண்ணிவெடி ஒன்று வெடித்திருந்தது. என் கொப்பியிலும் அது இருந்தது; ஒரே நாளில் இரண்டு குறிப்புகள் எழுதியதை நான் யோசிக்கவேயில்லை. நூல் யார் தந்தது என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் சொல்லவில்லை. எழுத்து யாருடையது என்று கேட்டதற்கு மட்டும், "என்ட தங்கச்சிட புருஷன், கந்தோரில வேலை" என்று சொல்லியிருக்கிறார். அதுவும் எனக்கு உத்தியோகம் இருக்கிறது, என்னை நம்புவார்கள் என்று நினைத்து.

பத்து மணிபோல என்னை அழைத்துப் போனார்கள். அதிகாரி ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மரியாதையாகவே கேட்டார். என்னை யாரும் தொடவில்லை. யன்னலுக்கு அப்பால் மச்சான் நிலத்தில் இருப்பது தெரிந்தது. இடது காதின் பின்னால் வீங்கியிருந்தது. நூல் யார் தந்தது என்ற கேள்விக்கு நான் ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. நானாவின் பெயர், தகப்பன் பெயர், வளவு இருக்கும் ஒழுங்கை, வந்துபோன ஏழு திகதிகள், எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர், "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

பின்னேரம் நானாவைக் கொண்டுவந்தார்கள். அவர் வரும்போதே ஈரம் காயாத நூற்கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதிகாரி அட்டையிலிருந்த நூலையும் கழியையும் மாறிமாறிப் பார்த்தார். இருட்டுவதற்கு முன் மூவரையும் விட்டார்கள். அட்டைகள் திரும்பிவரவில்லை. வாசலில் மச்சான், "நானா" என்று கூப்பிட்டார். சட்டை முழுக்கச் சாயம் ஊறிய அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த கிழமை கவுண்டரில் நானா தாழ்ந்த குரலில் சொன்னார்: "அடிச்சாச் சொல்லத்தான் வேணும், விளங்குது. எண்டாலும் மாஸ்டரு என்ட பேரைக் குடுப்பாரெண்டு நான் நினைக்கல்ல. எங்கட பக்கத்தில எனக்கு இப்ப ஒற்றன் எண்டு பேர், தெரியுமா உங்களுக்கு?" நான் அவருடைய கடிதத்தில் முத்திரை குத்தினேன்.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். நாளைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "வேணாம். அவர் கடிதத்துக்கு உங்களிட்டத்தானே வரோணும்? உங்கட முகத்தைப் பார்க்க மாட்டாமப் போனா அந்த மனிசன் எங்க போவார்? என்னைப் பார்க்காம அவர் இருக்கலாம்."

எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பே வேண்டியதில்லை.

அவர் வழக்கங்களை விடவில்லை. வாவிக்கரைக்குப் போனார், வானம் தீட்டினார், பின்னேரம் செய்தி கேட்டார். ஆனால் திரைகள் மங்கின. பச்சை கலக்கும்போது கை நடுவில் நின்றுவிடும். சாம்பலைச் சேர்த்து ஒப்பேற்றுவார். ஒரு பள்ளிக்கூட அதிபர் அரண்மனைத் திரையைத் திருப்பிக் கொண்டுவந்து விரித்தார். "மாஸ்டர், கோவிக்காதீங்க. ராசா இருக்கிற வீடா இது? எரிஞ்ச வீடு மாதிரிக் கிடக்கு. புள்ளைகள் மேடையில நிண்டு அழுதிரும்." மச்சான் சிரித்தார். அவர் போனபின் வர்ண டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி, சாக்குக்குள் அடுக்கினார். "ஒரு வாகனக்காரன் இலக்கத் தகடு எழுத ஆள் தேடுறானாம். அதுக்குக் கறுப்பும் வெள்ளையும் இருந்தாக் காணும்" என்றார்.

அடுத்த நாள் நான் கந்தோருக்குப் போகவில்லை. அந்தத் தெருவில் அப்போது பகலில் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. நானா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கழி பிழிந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: "பேரைக் குடுத்தது நான். அவர் அடி வாங்கியும் சொல்லல்ல. எனக்கு ஆரும் அடிக்கயும் இல்ல." அவர் பிழிவதை நிறுத்தவில்லை. முழுக்கப் பிழிந்து, உதறி, மூங்கிலில் போட்ட பிறகு கேட்டார்: "எவ்வளவு காலம் இதை வெச்சிக்கிட்டு என்ட கடிதத்தில முத்திரை குத்தினீங்க?"

"மூண்டு வருஷமும் ரெண்டு மாசமும்."

"அதையும் எண்ணித்தான் வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு, "அந்த மனிசனை வரச் சொல்லுங்க. நீங்க வாறதெண்டா வேற நாளில வாங்க" என்றார்.

வியாழக்கிழமை மச்சான் தனியாகப் போனார். மாலையில் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது முழங்கை வரை பச்சை. என் மனைவி, "என்ன அண்ணன், தொட்டிக்குள்ள விழுந்தயா?" என்றாள். வாகனக்காரனுக்கு வேறு ஆள் கிடைத்தது.

இப்போது மச்சானுக்கு எழுபது தாண்டிவிட்டது. கலியாண மேடைகளுக்கு அவர் சொல்லும் நிறத்தில் துணி தேடி ஆட்கள் அலைகிறார்கள். சென்ற மாதம் ஒரு சஞ்சிகைக்காகப் பேட்டி எடுக்க ஒரு பெண்பிள்ளை வந்தது. இந்த வயதிலும் எங்கிருந்து உற்சாகம் கிடைக்கிறது, யுத்த காலத்தில் மனத்தை எப்படிச் சமநிலையில் வைத்திருந்தீர்கள் என்றெல்லாம் கேட்டது. அவர் வாவியைச் சொன்னார், வானத்தைச் சொன்னார், நூல் வளவைச் சொன்னார். "அந்தக் காலத்திலும் ஒவ்வொரு வியாழனும் போனீங்களா ஐயா?" என்று பிள்ளை கேட்டது. மச்சான் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஓம் புள்ள, விடாமப் போனன்" என்றார். பேட்டி அப்படியே அச்சில் வந்துவிட்டது.

அது பிழை. மூன்று வருஷமும் இரண்டு மாதமும் அவர் போகவில்லை. அதற்கு முன்னும் சில மாதங்கள் போகவில்லை. அவை எல்லோருக்கும் பொதுவான காரணத்தால். மூன்று வருஷமும் இரண்டு மாதமும் என்னால்.