மாடி அறையில் எடுத்த காற்று

இதில் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்கிற எண்ணம் இருந்திருந்தால் முடிவையாவது கொஞ்சம் நல்லபடியாக மாற்றியிருப்பேன். இது என் தங்கைக்கு நடந்தது. பாதியை அவள் வாயால் கேட்டேன். மீதிப் பாதிக்கு நானே சாட்சி.

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் தொழில் ஒன்றுதான். வீடு வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவர்களைக் கூப்பிடுவார்கள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா, காற்றில் பூஞ்சை கலந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீடு வீடாகப் போவார். கையில் ஒரு சின்ன பம்பு. அதன் வாயில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பி. பம்பு அறைக் காற்றை உறிஞ்சும். காற்றில் மிதப்பதெல்லாம் டப்பிக்குள் இருக்கும் பசை தடவிய கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த டப்பியை அவர் கொண்டுவந்து கொடுப்பார். இவள் வீட்டின் பின்னறையில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுதுவாள்.

அவளுக்கு நாத்தனார் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வேலையை மட்டும் பார்த்து வைத்த பெயர் இல்லை. புருஷன் சட்டையைத் துவைக்கப் போடும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற ரகம் என் தங்கை. வீடு வாங்க வந்த எந்தப் பெண்ணாவது போனில் இரண்டு தடவை சிரித்துவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள் தனியாகப் பேசும். மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருப்பார், யாரிடமும் சிரித்துப் பேசுவார். அதைத் தவிர அவர் மேல் சொல்வதற்கு ஒரு குற்றமும் இல்லை. நானும் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

"உனக்கென்னக்கா, உன் வீட்டுக்காரரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க" என்பாள்.

பல் டாக்டரம்மா ஒருவர் ஒரு மாடி வீட்டுக்கு விலை பேசியிருந்தார். இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. சாவி ஒரு கிழ புரோக்கரிடம் இருந்தது. மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டு போய், கீழே ஒன்றும் மாடி அறையில் ஒன்றுமாக இரண்டு சாம்பிள் எடுத்து வந்தார்.

கீழறை டப்பியில் வழக்கமான பூஞ்சைதான். மாடி அறை டப்பியைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

நம் எல்லோர் தோலிலிருந்தும் ஓயாமல் செதில் உதிரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆள் புழங்குகிற அறையில் அது காற்றில் நிறைய மிதக்கும். பூட்டிய வீட்டில் எல்லாம் தரையில் படிந்துபோகும். சாம்பிள் எடுப்பவர் பம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வதும் அவருடைய செதில் அதில் கலக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் இந்தக் கண்ணாடியில் ஊசி குத்த இடமில்லாமல் செதில். யாரோ நின்று நிதானமாகத் துணி மாற்றிவிட்டுப் போன அறையில்தான் அப்படி இருக்கும். செதிலுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பொடித் தகடுகள். அது என்னவென்றும் அவளுக்குத் தெரியும். முகத்துக்குப் போடுகிற பவுடர்.

என் தங்கை பவுடர் போடுவதில்லை.

"மாடி ரூம்ல யார் இருந்தா?"

"யாரு இருப்பா? பூட்டின வீடு."

"நீங்க மட்டும்தான் போனீங்களா?"

"ஆமா... நான் மட்டும்தான்."

அந்த "ஆமா"வுக்கும் "நான்" என்பதற்கும் நடுவில் அவர் ஒரு நொடி தயங்கினார். அவள் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளுக்கு அது போதும். சாம்பிள் சரியில்லை, திரும்பப் போய் எடுங்கள் என்றாள். மறுநாள் அவர் எடுத்து வந்ததில் பவுடர் இன்னும் அதிகம். டப்பியை மேஜையில் வைத்துவிட்டு அவர் லேசாகச் சிரித்தார்.

"உன்னால என்னை நம்பவே முடியாது, இல்ல?"

கேலி செய்கிறார் என்று அவள் நினைத்தாள். அன்று முழுக்க முகம் தெரியாத அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். என்ன வயசு, என்ன நிறம், தன்னைவிட ஒல்லியா. எல்லாம் கேட்டுக்கொண்டாள். பேய் என்கிற நினைப்பு மட்டும் அவள் பக்கமே வரவில்லை.

அதற்கடுத்த நாள் மாப்பிள்ளை வேறு வேலையாக வெளியூர் பக்கம் போயிருந்தார். அவள் இன்னொரு பம்பை எடுத்துக்கொண்டு, புரோக்கரிடம் சாவி வாங்கிக்கொண்டு, தனியாகவே அந்த வீட்டுக்குப் போனாள். கணக்கு இதுதான். இன்றைக்கு அவர் வரவில்லை. காற்றில் பவுடர் இல்லையென்றால், அவர் வரும்போது மட்டும் அந்தப் பெண்ணும் வருகிறாள் என்று அர்த்தம். சந்தேகப்படுவதிலும் என் தங்கை முறையாகத்தான் செய்வாள்.

மதியம் மூன்று மணி. சுள்ளென்று வெயில். எதிரே ஒரு மெக்கானிக் கடையில் டங், டங் என்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் படிகளில் கெட்டித் தூசி. மாப்பிள்ளையின் ஷூ தடம் மேலும் கீழுமாகப் பல தடவை போய் வந்திருந்தது. வேறு தடம் இல்லை. அவள் குனிந்து குனிந்து தேடினாள்.

"பறந்து வந்தாளோ" என்று முணுமுணுத்தாள்.

மாடி அறை காலியாக இருந்தது. கட்டில் இல்லை. கண்ணாடி இல்லை. சுவரில் ஒரு அலமாரி மட்டும். ஆனால் பவுடர் வாசனை... அப்போதுதான் டப்பாவைத் திறந்தது போல.

பல்லைக் கடித்துக்கொண்டு பம்பைத் தரையில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

ம்ம்ம்ம்ம்... உள்ளே பம்பு ஒரே சீராக ஓடியது.

திடீரென்று சத்தம் தாழ்ந்தது.

எழுந்தது.

மறுபடி தாழ்ந்தது.

பம்பின் வாயை ஏதாவது அடைத்தால்தான் சத்தம் அப்படித் தாழும். அவளுக்கு அது தெரியும். யாரோ உள்ளங்கையால் பொத்துகிறார்கள். எடுக்கிறார்கள். பொத்துகிறார்கள்.

கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் கவனித்தாள். அவள் மூச்சை இழுக்கும்போது சத்தம் தாழ்ந்தது. விடும்போது எழுந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் தாழ்ந்தே நின்றது.

நின்றது...

அவள் மூச்சை விட்டாள். சத்தம் எழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கிருந்தே திரும்பி ஓடியிருப்பார்கள். என் தங்கைக்குப் பயத்தைவிடப் பொறாமை ஒரு சுற்றுப் பெரிது. கதவை இடித்துத் திறந்தாள். யாரும் இல்லை. அலமாரியை இழுத்துத் திறந்தாள். வெறும் பலகைகள். அறை நடுவில் நின்றுகொண்டு, அந்தப் பெண் எங்கோ ஒளிந்திருக்கிறாள் என்ற நினைப்பில், தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாருடி நீ? அவர் என் புருஷன்! தைரியம் இருந்தா என் வீட்டுப் படியேறி வாடி! என் முன்னாடி வந்து நில்லு, பார்க்கலாம்!"

எதிர்க் கடையில் தகரச் சத்தம் நின்றது.

பம்பும் நின்றது.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

அவள் செருப்புக்கு ஒரு சாண் முன்னால், தூசியில் இரண்டு வெறுங்கால் தடம்.

கொஞ்சம் முன்னால் அது இல்லை.

விரல்கள் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

எப்படி இறங்கினாள், எப்படித் தெருவுக்கு வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பம்பை அங்கேயே விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போனாள். அங்கே தனியாக இருக்கத் தைரியம் வரவில்லை. அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். "அக்கா வீட்டுக்குப் போறேன். உங்க இஷ்டப்படி இருங்க." நேராக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நான்கு நாள் என்னோடுதான் இருந்தாள். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். என் கையால் சாப்பிட்டாள். என் பிள்ளைகளோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டாள். என் பக்கத்தில்தான் படுத்தாள். முதல் நாள் தூக்கத்தில் உதறிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் பயம் கொஞ்சம் தெளிந்தது. தெளிந்ததும் அந்த இடத்தில் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போன் வரவில்லை. எடுத்து எடுத்துப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள்.

"நீயே பண்ணேன்டி" என்றேன்.

"நான் ஏன் பண்ணணும்? போனவ இருக்காளா செத்தாளான்னு ஒரு வார்த்தை கேக்கலையேக்கா. கூட ஆள் இருந்தாத்தானே இப்படி மறக்கும்?"

நான்காம் நாள் மதியம் அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

அவள் வீட்டு வாசல் கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அவர் பாட்டு முனகி அவள் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"நீ எப்போ வெளிய போனே?"

அவளுக்குப் புரியவில்லை. படுக்கை அறையில் துணியை உதறி மடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. படக்... சர்ர்...

"எப்போ போனேனா? நாலு நாளா நான் அக்கா வீட்டுல..."

படுக்கை அறையில் சத்தம் நின்றது.

மாப்பிள்ளை சிரித்தார். "மெசேஜ் பார்த்தேன். பயந்துட்டே வீட்டுக்கு வந்தா, நீ உள்ள கட்டில்ல உக்காந்திருக்கே. போகாம இருந்தியே, அதுவே போதும்னு நான் ஒண்ணும் கேட்டுக்கல. அந்தப் பூட்டின வீட்டுலயும் அப்படித்தானே? கதவைச் சாத்திட்டுத் தெருவுல வந்து நின்னா, நீ மாடி ஜன்னல்ல நிக்கிறே. ரெண்டு தடவையும் பார்த்தேன். வேவு பார்க்க வந்திருக்கேன்னு தெரியும். கேட்டா சண்டை வரும்னு விட்டுட்டேன்."

அவள் நேராகப் படுக்கை அறைக்குள் போனாள்.

யாரும் இல்லை.

கட்டில் மேல் அடுக்கடுக்காக மடித்த துணி. மேலே, பாதி மடித்தபடி, அவருடைய சட்டை.

அதன் ஒரு கை கட்டில் விளிம்பில் தொங்கி, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷம் பயம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் தனக்கு முதலில் வந்தது வேறு என்று என்னிடம் அவளே சொன்னாள். கூடத்துக்குத் திரும்பி வந்து, குரலைச் சரி செய்துகொண்டு, அவரிடம் கேட்டாளாம்.

"இந்த நாலு நாளும் நான் உங்ககிட்ட என்ன பேசினேன்?"

"எங்க பேசினே? எங்க போனீங்க, யார்கூடப் போனீங்கன்னு ஒரு கேள்வி இல்ல. பக்கத்துல வந்து உக்காந்துக்குவே, அவ்வளவுதான்." அவர் பேப்பரை மடித்து வைத்தார். "கல்யாணமானதுல இருந்து இவ்வளவு நிம்மதியா நான் இருந்ததே இல்லம்மா."

அவள் உண்மையைச் சொல்லவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சொன்னா அவர் பயப்படுவார்னு நினைக்கிறியாக்கா? அவ திரும்ப வர மாட்டாளான்னு ஏங்குவார்" என்றாள். அதன் பிறகு அவள் வீட்டைவிட்டு எங்கேயும் போவதில்லை. என் வீட்டுக்கும் வருவதில்லை. கடைக்குப் போனால்கூட ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுவாள்.

போன மாதம் எனக்கு ஒரு ஆபரேஷன். சேதி கேட்டு மனசு கேட்காமல் கிளம்பி வந்துவிட்டாள். அவருக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டாளாம். சாயங்காலம் வரை என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தவள், அசதியில் கட்டில் ஓரத்து நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். அவளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பலாமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. மாப்பிள்ளைதான்.

"உடம்பு எப்படி இருக்குக்கா? இவ உங்களைப் பார்க்கக் கிளம்பினவ, பாதி வழியில திரும்பி வந்துட்டா போலிருக்கு. நாளைக்கு ரெண்டு பேருமா வந்து பார்க்கறோம்."

என் தங்கை நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை என் போர்வையின் மேல் இருந்தது.

"இதோ, பக்கத்துலதான் உக்காந்திருக்கா" என்றார் மாப்பிள்ளை. "இருங்க, அவகிட்ட குடுக்கறேன்."