உப்புச்சாறு

வெந்த அவரைக்கொட்டை அறுபது கிராம். அதற்கு மேல் ஒரு கொட்டை கூடாது என்றார் ஓசூர் ஆஸ்பத்திரியில் எனக்கு உணவுத் திட்டம் போட்ட பெண். என் சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருந்தது. பொட்டாசியம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அறுபது கிராம்னா எத்தினி கரண்டிங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"சுமாரா கப்புல மூணுல ஒரு பங்கு அக்கா."

"எந்தக் கப்புங்க?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டுக் கப்புகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. போச்சம்பள்ளி கம்பெனியில் இரும்பு பாகங்களை அளந்து பார்த்து, பிசகியதை ஒதுக்குவதுதான் என் வேலை. வீட்டில் ஒதுக்கவேண்டிய பாகம் நான்தான் என்று தெரிந்தபின் அளவு என்றாலே எரிச்சல் வந்தது.

அவள் எரிச்சல்படவில்லை. சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினாள். ஒரே கரண்டிக்குத் தராசு தினம் ஒரு எடை காட்டியது. தண்ணீரோடு எடுத்தால் எடை ஏறியது, கொட்டை குறைந்தது.

"நல்லா வடிச்சுட்டு நிறுத்தா உங்களுக்கு நாலு கொட்டை கூட வருதுங்க" என்றாள் சந்தோஷமாக. வடித்த கொட்டை, குழிக்கரண்டியில் தலைதட்டி ஒன்று. அதுதான் அறுபது கிராம் என்று முடிவாயிற்று.

அவள் வேப்பனப்பள்ளிப் பக்கம். அங்கே கொட்டை வெந்த தண்ணீரைக் கீழே கொட்ட மாட்டார்கள். மிளகாயும் பூண்டும் அரைத்துக் கரைத்து, புளி விட்டால் அது உப்புச்சாறு. கொட்டையைத் தனியாகத் தாளிப்பார்கள். தெற்கத்திக்காரனான எனக்கு, களியை மெல்லக் கூடாது, சாற்றில் புரட்டி விழுங்கவேண்டும் என்று கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரித்தவள் அவள். கொட்டையைக் குறைத்த வருத்தத்தில் இப்போது சாற்றைத் தாராளமாக ஊற்றினாள். சாற்றை நிறுக்கும்படி யாரும் சொல்லவில்லையே.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. மனைவி பையிலிருந்து குழிக்கரண்டியை எடுத்து, உணவுத் திட்டம் போட்ட பெண்ணின் மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்கு மேல ஒரு கொட்டை போடலைங்க. சத்தியமா."

"வெந்த தண்ணிய என்னக்கா பண்றீங்க?"

"சாறு வெச்சு அவருக்கு ஊத்துவேன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "அய்யோ அக்கா, கொட்டைல இருக்கற பொட்டாசியம் நெறைய அந்தத் தண்ணிலதான் எறங்கும்."

சிறுநீரகமும் இன்னும் மோசமாகியிருந்தது. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சாறு இல்லாவிட்டாலும் இது வந்திருக்கும் என்று டாக்டரே அவளிடம் சொன்னார். நானும் சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. எனக்கு என் உடம்பைவிட அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இனி நல்லது ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை எங்கள் இருவருக்குமே விட்டுப்போயிற்று.

இப்போதும் கொட்டையை வடித்து நிறுக்கிறாள். தண்ணீரை ஆவி பறக்கச் சாக்கடையில் கொட்டுகிறாள். நேற்று அவள் தட்டைப் பார்த்தேன். களி மட்டும் இருந்தது.

"உனக்காவது சாறு வெச்சுக்கக் கூடாதா? உன் கிட்னிக்கு என்ன வந்துச்சு?"

"வேணாங்க" என்றாள்.

வெறும் களியைப் பிட்டு வாயில் போட்டு, தலை குனிந்து மென்றுகொண்டிருந்தாள்.