செத்த மீனும் நூர் பாஷாவின் மைக்கும்

ஜட்கா வண்டி ஏரியூர்ச் சந்தைக்குள் நுழைவதற்கு முன்பே நூர் பாஷா கதையை ஆரம்பித்துவிடுவார். ஒரு கையில் மைக், மறு கையில் நோட்டீஸ். "ராஜா ஒரு பக்கம் உசுருக்குப் போராடறாருங்க, ராணி ஒரு பக்கம் வெசத்தக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறாங்க…" என்று ஏற்றிக்கொண்டே போய், ஊர் வாயைப் பிளந்து நிற்கும்போது மைக்கைத் துண்டில் சுற்றிவிடுவார். "மீதி கூடாரத்துல. சாயங்காலம் ஆறரைக்கு."

தருமபுரி தனி மாவட்டமான வருஷத்திலிருந்து டூரிங் டாக்கீசுக்கு விளம்பரம் சொல்வதுதான் தொழில். உடம்பு ஒரு பிடிதான். குரல் மூன்று ஆள் குரல். தொண்டைக்கு இதமாகப் பனைவெல்லத்தைக் கடைவாயில் அடக்கியிருப்பதால் பேசும்போது ஒரு கன்னம் மட்டும் உப்பியிருக்கும். "பக்கத்து வூட்டுல சண்டைம்பாரு, அதோட தூங்கிடுவாரு. யாருக்கும் யாருக்கும்னு தெரியாம நான் முழிச்சிக்கிட்டுக் கெடக்கணும்" என்பது மனைவி ரோஷன் பீயின் புகார். ஒருமுறை, வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் களைக்கொத்தோடு ஓடிவந்து வண்டியை மறித்து, "அந்தப் புள்ள பொழைச்சாளா இல்லியா, சொல்லிட்டுப் போங்க பாய்" என்று கேட்டும் மனிதர் அசையவில்லை.

முதலாளி பச்சியப்பன் இந்த வாயைக் கூடாரத்துக்கு வெளியே மட்டும்தான் நம்புவார். உள்ளே மைக் கிடையாது. நூர் பாஷாவுக்கு அது ஆறாத மனக்குறை.

போன மாசியில், மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து வந்த படப்பெட்டி மாறிப்போயிற்று. கத்திச்சண்டைப் படம் என்று ஊரெல்லாம் முழங்கியாகிவிட்டது. திறந்தால் ஜப்பான் படம். அதுவும் நடிகர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்கக் கையால் வரைந்த சித்திரப் படம். கூடாரமோ நிரம்பி வழிந்தது. பச்சியப்பன் நூர் பாஷாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"ஜனம் எந்திரிச்சிப் போச்சுன்னா நாளைக்கே கூடாரத்தப் பிரிச்சிருவேன் பாய். நீங்களும் வேற பொழப்பப் பாத்துக்கங்க."

"மைக்க உள்ள குடுங்க மொதலாளி. நான் கதை சொல்றேன்."

"ஜப்பான் பாஷை தெரியுமா உங்களுக்கு?"

"ஜனத்துக்கும் தெரியாதுங்களே."

ஒற்றை மெஷின் கூடாரம். ரீலுக்கு ரீல் விளக்கைப் போட்டுத்தான் அடுத்ததை மாட்ட வேண்டும். அந்த இடைவெளிகளில் நூர் பாஷா புகுந்து விளையாடினார். மலைப்பூதம் ஒருவனை மீனாக்கி ஆற்றில் விட்டுவிடுகிறது. தங்கை தேடிப் போகிறாள். அவள் முடி காற்றில் இழை இழையாகப் பறந்தது. ஓடத்தைச் சுற்றி ஆற்றுத் தண்ணீர் நிஜமாகவே சுழித்தது. "ஒரு அலைய எழுதறதுக்கு எத்தன பேரு ராத்தூக்கம் கெட்டானுங்களோ" என்று மைக்கிலேயே வியந்து, அவரும் ஒரு நிமிஷம் கதையை மறந்துவிட்டார்.

ஆபரேட்டர் நஞ்சப்பன் ஒவ்வொரு ரீல் பெட்டியின் மேலும் இருந்த ஜப்பான் எண்ணைப் பார்த்து ரீலை மாட்டினார். ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. ஆகவே நாலு கோடு தெரிந்த பெட்டியை நாலு என்று எடுத்தார். ஜப்பான் எழுத்தில் அது ஐந்து.

அந்த ரீலில் பூதத்தின் சூலம் பாய்ந்து மீன் செத்தது. பெண் அதை மடியில் போட்டு அழுதாள், கூடாரமும் அழுதது. நூர் பாஷா உருகி உருகிச் சொல்லி அண்ணனை வழியனுப்பி வைத்தார். விளக்கு அணைந்து அடுத்த ரீல் ஓடினால், கொட்டும் மழையில் அதே மீன் துள்ளிக்கொண்டு வருகிறது.

"செத்த மீனு எப்பிடி பாய் வந்துச்சு?" என்று கோவிந்தம்மாள்தான் முதலில் கேட்டாள். "என்ன, ஏமாத்தறீங்களா?" என்று பின்னாலிருந்து குரல்கள். சிலர் எழுந்து மணலைத் தட்டினார்கள். மெஷின் அறையிலிருந்து தலையை நீட்டி நஞ்சப்பன் இரண்டு விரல்களை மாற்றி மாற்றிக் காட்டினார். ரீல் முன்பின்னாக மாறிப்போனது நூர் பாஷாவுக்கு விளங்கிவிட்டது. திரையைப் பார்த்தார். ஒவ்வொரு மழைத்துளியும் ஆற்றில் விழுந்து வட்டமாக விரிந்துகொண்டிருந்தது.

"மழைன்னா நெனைச்சீங்க?" என்றார் மைக்கில், மெதுவாக. "அவ அழுத கண்ணீருங்க அது. மேகம் வாங்கிட்டுப் போயி ஆத்துல திருப்பி ஊத்துது. ஒரு சொட்டு உழுவ உழுவ அண்ணனுக்கு ஒரு மூச்சு வருது, நல்லாப் பாருங்க."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். கடைசி ரீலில் அண்ணன் மனிதனாகக் கரையேறியபோது பறந்த விசிலில் ஜெனரேட்டர் சத்தம் அமுங்கிப்போயிற்று. நூர் பாஷா முதல் தடவையாக ஒரு கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். சந்தோஷம் தாங்காமல் அழுதார். அதை யாரிடமும் மறைக்கவில்லை.

மறுநாள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நஞ்சப்பன் பொறுப்பாக வரிசையைத் திருத்தி மாட்டினார். மழை வந்தது; மீன் துள்ளியது; அதற்குப் பிறகு செத்தது. நேற்றுப் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். "செத்ததுக்கப்பறந்தான மழை பேயணும்? கதையவே கெடுத்துட்டீங்களே" என்று கோவிந்தம்மாள் எழுந்து நின்றாள். படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

"இதாங்க பாய் சரியான வரிசை" என்றார் நஞ்சப்பன், பரிதாபமாக. "ஜப்பான்காரன் இப்பிடித்தான் எடுத்திருக்கான்."

நூர் பாஷா மெஷின் அறைக்குள் போனார். சாக்குக்கட்டியை எடுத்து, ஐந்தாம் பெட்டியின் மேல் பெரிதாக 4 என்றும், நாலாம் பெட்டியின் மேல் 5 என்றும் எழுதினார்.