தூக்கிய கைகள்

உலோகத் தடியின் வெட்டுமுகத்தைத் துடைத்து முடித்ததும் செந்தாமரை இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொள்வாள். பந்தியிலிருந்து எழுந்து குழாயைத் தேடுகிறவள் மாதிரி நின்று, முழங்கையால் மெஷினின் மூடியை இழுத்து, முழங்கையாலேயே பட்டனை அமுக்குவாள். கையுறை நூல் உதிர்க்கும் என்று போடமாட்டாள். யார் சொல்லியும் கேட்கமாட்டாள்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே உள்ள அந்தப் பட்டறையில் அவள் ஓட்டுவது உராய்வு வெல்டிங் மெஷின். ஒரு தடி சுழலும். இன்னொன்று அதன்மேல் முட்டி அழுத்தும். தீயும் கிடையாது, வெல்டிங் கம்பியும் கிடையாது. தேய்கிற சூட்டிலேயே இரண்டும் சிவந்து ஒன்றாகும். அழுக்கெல்லாம் ஓரத்தில் வளையமாகப் பிதுங்கி வந்துவிடும். நடுவில் தேய்ப்பு குறைவு. அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டு வெளியே அழகும் உள்ளே பொய்யுமாக நிற்கும். அவளிடம் வருவதோ டர்பைனுக்குப் போகிற நிக்கல் கலவை.

“இரும்பு மாரி இல்லீங்க இது. செவந்தப்பறமும் வீம்பு புடிச்சிகினு நிக்கும். நம்ம வீம்பு அதவிட ஒரு படி மேல இருக்கணும்” என்பாள். அவளிடம் அந்த வீம்புக்குக் குறைச்சலே இல்லை.

மூன்று வருடமாகக் கான்ட்ராக்ட் வேலைதான். தொண்ணூறு நாள் ஒரு ரிஜெக்ட்கூட விழாமல் ஓட்டினால் பர்மனென்ட் என்று முதலாளி சொல்லியிருந்தார். மெஷினின் பக்கவாட்டில் சாக்பீஸால் நாளைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

எண்பத்தெட்டாம் நாள். முத்தாண்டிக்குப்பத்தில் விடியற்காலையில் முந்திரி உடைத்துவிட்டு ஷிப்ட்டுக்கு வந்திருந்தாள். தடியின் துடைத்த முகத்தில், நட்டநடுவில் ஒரு நூல் தெரிந்தது. யோசிப்பதற்குள் விரல் அதை எடுத்துவிட்டது. பழகிய முழங்கை பட்டனையும் அமுக்கிவிட்டது. வளையம் வட்டம் பிசகாமல் வந்தது. சூப்பர்வைசர் குஞ்சிதபாதம் பார்த்துவிட்டு, “சூப்பர்மா” என்றார்.

“இத ரிஜெக்ட்ல போடுங்க சார். நடுவுல வெரல் பட்டுச்சு.”

“நல்லாத்தானம்மா இருக்குது? ரெண்டே நாளு. வாய மூடிக்கினு இரேன்.”

“வெரல்ல முந்திரிக்கொட்ட எண்ணெ சார். சோப்புக்கே போவாது.”

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக, தன் விரல்மேல் ஆத்திரம் வந்தது. சிவப்புப் பெயிண்ட்டைத் தொட்டு, அந்தத் தடியில் தானே பெருக்கல் குறி போட்டாள்.

அடுத்த தடியைத் துடைக்குமுன் மெஷின் பக்கம் போனாள். 88-ஐ முழங்கையால் அழித்தாள். சாக்பீஸை எடுத்து, முன்னைவிடப் பெரிதாக, 1 என்று எழுதினாள்.